கறுப்பின் மேல் பச்சை

நெவில் ட்ரான்ட்டருக்கு ஆட்களின் முகம் மறந்துபோகும். கார்களின் அடிவயிறு மறக்கவே மறக்காது. ஷெர்போர்ன் கார் கிளப்பில் எல்லோரும் அவரை இப்படித்தான் கேலி செய்வார்கள். வருடா வருடம் ஜூன் மாதம் வாரிக்‌ஷயர் பக்கம் ஏதாவது ஒரு பெரிய வீட்டுப் புல்வெளியில் கிளப்பின் போட்டி நடக்கும். மற்ற நடுவர்கள் நின்ற வாக்கில் குரோமியத்தையும் தோல் இருக்கையையும் பார்த்து மார்க் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். நெவில் மட்டும் ஒரு பழைய தார்ப்பாயை விரித்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு காருக்கு அடியில் நுழைந்துவிடுவார். வெளியே தெரிவது இரண்டு பூட்ஸ்கள் மட்டும்தான்.

காரின் அடிப்பக்கம் துருப்பிடிக்காமல் இருக்கத் தார் மாதிரி ஒரு கறுப்புப் பூச்சு பூசுவார்களே, அதில் அவர் புலி. கவென்ட்ரியில் ஷெர்போர்ன் தொழிற்சாலையை இழுத்து மூடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் கிளப்காரர்களுக்கு, தொழிற்சாலை வாசலைத் தாண்டி வந்த அன்று கார் எப்படி இருந்ததோ அப்படியே இன்றைக்கும் இருக்க வேண்டும். அன்று எவனோ அவசரத்தில் பெயின்ட்டை வழியவிட்டிருந்தால், இன்றும் அதே இடத்தில் வழிந்திருக்க வேண்டும். அழகாக அடித்து வைத்தால் மார்க் போய்விடும். இப்படியொரு பைத்தியம் உலகத்தில் இருந்ததால்தான், பழைய கார்களைப் புதுப்பித்துக் கொடுக்கும் நெவிலுக்குப் பிழைப்பு ஓடியது.

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கிளப் தலைவரின் கார். நெவிலின் பட்டறைக்கு வந்தபோது அதன் அடிப்பக்கம் சல்லடையாக இருந்தது. குளிர்காலத்தில் பனியை உருக்க ரோட்டில் கொட்டுகிற உப்பு எந்த ஷெர்போர்னையும் விட்டுவைக்கவில்லை; பார்த்துச் செய்ய ஒரு உருப்படியான கார் நாட்டிலேயே கிடையாது. தொழிற்சாலையில் வேலை பார்த்த பழைய ஆட்களைத் தேடிப்போய் பீர் வாங்கிக் கொடுத்துக் கேட்டார். ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை. கடைசியில் நெவிலே ஒரு முடிவுக்கு வந்தார். கறுப்பு, முன்னாலிருந்து பின் சக்கர அச்சு வரைக்கும் சீராக ஸ்ப்ரே அடித்தது. அங்கே அளவுகோல் வைத்தது போல ஒரு கோட்டில் நின்றுவிடும். அதற்குப் பின்னால் காரின் நிறம். 'இப்படித்தான் இருந்திருக்கும்' என்று நினைத்தார். கொஞ்ச நாளில் 'இப்படித்தான் இருந்தது' என்று சொல்ல ஆரம்பித்தார். கார் கோப்பையை வாங்கியது. அதன் படம் கிளப்பின் விதிப்புத்தகத்தில் ஏறியது. அதற்குப் பிறகு யார் எங்கே ஷெர்போர்னைப் புதுப்பித்தாலும் அந்தக் கோடு இருக்கும். கிளப்பில் அதற்கு 'ட்ரான்ட்டர் கோடு' என்றே பேர்.

அந்த வருடம் ஜூன் மாதம், ஆல்மா ப்ரோபர்ட் முதல் தடவையாகத் தன் காரைக் கொண்டுவந்தார். ஆல்மா எழுபதைத் தாண்டியவர். ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலறையை ரிட்டயர் ஆகும்வரை அதட்டி நடத்தியவர். அவரும் கணவர் ரெஜ்ஜும் அறுபத்தொன்றில் புதிதாக வாங்கிய வெளிர்பச்சை ஷெர்போர்ன் அது. மழை பெய்தாலே ரெஜ் அதை வெளியே எடுக்க மாட்டாராம். உப்பு போட்ட ரோடு அதன் சக்கரத்துக்குத் தெரியவே தெரியாதாம். ரெஜ் இறந்து ஆறு வருடம் ஆகியும் ஆல்மா அதைத் துடைத்து, போர்வை போட்டு, குழந்தை மாதிரி வைத்திருந்தார். போட்டிக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு நெவில் அடியில் நுழைந்தார்.

நுழைந்தவர் நகரவில்லை.

கறுப்பு, பின் அச்சில் நிற்கவே இல்லை. கடைசி வரைக்கும் போயிருந்தது. அதுவும் ஸ்ப்ரே இல்லை, பிரஷ்ஷால் அள்ளி அப்பியது. பிரஷ் முடிகூட இரண்டொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. விதிப்புத்தகத்தின்படி இது ஏதோ ஒரு ரோட்டோர கராஜின் வேலை. ஆனால் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது, அந்தக் கறுப்பின் மேல் மெல்லிய பச்சைத் தூசி தெரிந்தது. பக்கவாட்டில் காருக்குப் பெயின்ட் அடிக்கும்போது கீழே பறந்து வந்து படிகிற தூசி. கராஜில் பூசிய கறுப்பென்றால் அது பச்சைக்கு மேலே இருக்கும். இங்கே பச்சைதான் மேலே இருந்தது. அதாவது கார் நிறம் பார்ப்பதற்கு முன்னாலேயே, தொழிற்சாலைக்குள்ளேயே, எவனோ ஒருவன் பிரஷ்ஷோடு நின்று இந்தக் கறுப்பைப் பூசியிருக்கிறான். நாட்டில் மிச்சமிருந்த ஒரே நிஜமான அடிவயிறு இதுதான். ட்ரான்ட்டர் கோடு என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

நெவில் டார்ச்சை அணைத்தார். தான் செய்துகொடுத்த கார்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கோடு இல்லை என்று தான் மார்க்கைக் குறைத்த ஆட்களும் வந்தார்கள். அவருடைய கேமரா வேனில் இருந்தது. நாலு எட்டு வைத்தால் எடுத்து வந்துவிடலாம். படம் எடுத்தால் அது தனக்கு எதிரான சாட்சி என்று தோன்றியது. எடுக்கவில்லை.

"என்ன மிஸ்டர் ட்ரான்ட்டர், தூங்கிட்டீங்களா? தலகாணி வேணும்னா சொல்லுங்க" என்றது ஆல்மாவின் குரல்.

நெவில் வெளியே வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். ஆல்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. "பின்பக்கம் அப்புறமா யாரோ கைவெச்சிருக்காங்க மிஸஸ் ப்ரோபர்ட்."

"கைவெச்சாங்களா? யாரு வெப்பா? கதவ கொஞ்சம் வேகமா சாத்தினாலே ரெஜ் என்ன மூணு நாளைக்கு மொறைப்பாரு."

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொரு பொய் வேண்டியிருந்தது. "லேசா எங்கயாவது இடிச்சிருக்கும். கராஜ்ல தட்டி எடுத்து, மேல தாரைப் பூசி மறைச்சிருப்பாங்க. சகஜந்தான்."

ஆல்மா ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கை நின்றது. "எப்ப நடந்திருக்கும்?"

"ரொம்பப் பழசு. அறுபதுகள்லயே இருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். ஃபிளாஸ்க்கைத் திறக்காமலேயே பைக்குள் வைத்தார். பரிசு கொடுக்கும் வரைக்கும்கூட இருக்காமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மார்க் குறைந்த கோபம் என்று நெவில் நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது.

செப்டம்பரில் ஒருநாள் காலை அந்தப் பச்சைக் கார் பட்டறை வாசலில் வந்து நின்றது. நெவிலோடு வேலை பார்ப்பவர் கீத். இறந்துபோன மனைவியின் தம்பி, நல்ல மனசு, ஓட்டை வாய். "மச்சான், பின்னாடி தெறந்திருக்கு, ஓடணும்னா ஓடிடு. மார்க் கேட்டு ஒரு அம்மா வந்திருக்காங்க" என்றார்.

ஆல்மா மார்க் கேட்க வரவில்லை. "அந்தக் கறுப்ப சுத்தமா சுரண்டி எறிஞ்சிடுங்க" என்றார். "புத்தகத்துல இருக்கற மாதிரி புதுசா செஞ்சு குடுங்க. அதுக்கு மேல எனக்கு அந்த அசிங்கம் வேணாம்."

"அசிங்கம்னு ஏன் சொல்றீங்க?" என்று கேட்டார் நெவில்.

கீத் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஆல்மா உட்கார்ந்து, கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு சொன்னார்.

"அறுபத்தாறு கோடையில ரெஜ் மட்டும் தனியா ஸ்கெக்னஸ் பீச்சுக்குப் போனாரு. அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு நான் போகல. ரெண்டு நாள் லேட்டா வந்தாரு. கேட்டா, ஃபேன் பெல்ட் அந்துபோச்சு, சாமான் கெடைக்கலன்னாரு. அப்புறம் என் தங்கச்சி மேவிஸ் ஒரு கத சொன்னா. அங்க பீச் ரோட்டுல ஒரு பச்சக் கார் பின்னால போய் செவுத்துல முட்டி நின்னுச்சாம். உள்ள ஒருத்தி விழுந்து விழுந்து சிரிச்சாளாம். ஓட்டினவன் அச்சு அசல் நம்ம ரெஜ்ஜாம். நான் அன்னிக்கே கேட்டுட்டேன். மனுஷன் என்னை ஷெட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, கார் மேல கைய வெச்சு, 'ஒரு கீறல் இருந்தாக் காட்டு ஆல்மா'ன்னாரு. நான் சுத்திச் சுத்திப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல. மேவிஸோட பேச்சையே வுட்டுட்டேன். அவ செத்தப்பக்கூட நான் போகல."

கீத் வாயை மூடிக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான்.

"முப்பது வருஷம் நம்பினேன். கீழ படுத்துப் பாக்கணும்னு எனக்குத் தோணல பாருங்க! நீங்க படுத்துப் பாத்தீங்க." ஆல்மா சிரிக்க முயன்றார், வரவில்லை. "அவர் கல்லறைலயே எனக்கும் எடம் விட்டிருக்கு. கல்லுல கீழ்ப்பாதி என் பேருக்குத்தான். போன வாரம் சர்ச்சுக்குப் போயி, எனக்கு அந்த எடம் வேணாம், என்னை எரிச்சிடுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

நெவிலின் மனைவியின் கல்லிலும் கீழ்ப்பாதி காலியாகத்தான் இருந்தது. அந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு ஒரு நிம்மதி வரும். அதே நிம்மதியை இந்த அம்மாளிடமிருந்து தான் பிடுங்கிவிட்டது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ரெஜ் ஸ்கெக்னஸில் யாரோடு டீ குடித்தார் என்பது நெவிலுக்குத் தெரியாது. இந்தக் கார் எங்கேயும் இடிபடவில்லை என்பது தெரியும். ஆல்மாவுக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

சொல்ல வாயெடுத்தார். கீத் டீயை நீட்டினார். சொல்ல வந்ததை டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டு, "யோசிச்சு செய்யலாமே" என்றார்.

"யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? சுரண்டுங்க" என்றார் ஆல்மா.

கார் லிஃப்ட்டில் ஏறி அப்படியே நின்றது. நெவில் தினமும் அதன் அடியில் போய் நின்று பச்சைத் தூசியை அண்ணாந்து பார்த்தார். சொன்னால் தன் பேர் சந்தி சிரிக்கும். கோடு போட்டுக்கொண்டவர்கள் எல்லாரும் சட்டையைப் பிடிப்பார்கள். சொல்லாவிட்டால் இந்தக் கறுப்பைத் தானே சுரண்ட வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். கீத் கேட்டபோதெல்லாம், "தோள்பட்டை வலிக்குது, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். தொடாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கீத் கேட்பார். அந்த ஒரு 'ஏன்'னுக்குப் பயந்து அவர் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போது, கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமல் போய்விட்டது. பாதி சோப்போடு துடைத்துக்கொண்டு, வேனை எடுத்துக்கொண்டு நேராக நனீட்டனுக்கு, ஆல்மா வீட்டுக்குப் போனார். சமையலறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பிரஷ், முடி, பச்சைத் தூசி, தன் கோடு, தன் பொய், எதையும் மறைக்கவில்லை.

ஆல்மா கேட்டுக்கொண்டே இருந்தார். "அப்ப இடிக்கவே இல்லையா?"

"இல்ல."

"பச்ச மேல இருந்தா?"

"தொழிற்சாலையில பூசினது. கராஜ்காரன் தலைகீழா நின்னாலும் கறுப்ப பச்சைக்குக் கீழ கொண்டுபோக முடியாது. வாங்க, கண்ணால பாருங்க."

ஆல்மா கோட்டை மாட்டிக்கொண்டார். பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். வேனில் வரும்போது திடீரென்று சிரித்தார். "அந்த ஃபேன் பெல்ட்ட வெச்சு அவர எத்தன வருஷம் ஓட்டியிருக்கேன் தெரியுமா? கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவ பெல்ட் வாங்கி, ரிப்பன் கட்டிக் குடுத்தேன்." கொஞ்ச தூரம் போனதும், "திங்கக்கிழமை மொதல் வேலையா சர்ச்சுக்குப் போகணும்" என்றார். "இன்னும் அந்த எடத்த யாருக்கும் குடுத்திருக்க மாட்டாங்க இல்ல?" நெவிலை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

பட்டறைக் கதவைத் திறக்கும்போதே சூடான தார் வாடை அடித்தது.

ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கீத் லிஃப்ட்டுக்குக் கீழே முகமெல்லாம் கரியோடு, கையில் சுரண்டியோடு நின்றார். "வா மச்சான்! தோள்பட்டை வலின்னியே, நீ எதுக்குக் கஷ்டப்படணும்னு விடியக்காலையே வந்து நானே முடிச்சுட்டேன். ஒரு பீர் வாங்கிக் குடு, போதும்."

மேலே வெறும் தகடு வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னியது.

நெவில் ஓடிப்போய் மூலையில் இருந்த குப்பை டிரம்மில் கையை விட்டார். ஒரு சில்லாவது, மேலே பச்சை ஒட்டிய ஒரே ஒரு சில்லாவது கிடைக்காதா என்று துழாவினார். கீத் சூடுகாட்டி உருக்கித்தான் எடுத்திருந்தார். உள்ளே இருந்ததெல்லாம் கறுப்பு உருண்டைகள். பச்சையை அவை எப்போதோ விழுங்கிவிட்டிருந்தன.

"கீத், மேல பச்ச இருந்துச்சா இல்லையா? தூசி மாதிரி? சொல்லுடா!"

"பச்சையா?" கீத் ஆல்மாவையும் நெவிலையும் மாறி மாறிப் பார்த்தார். மச்சானுக்கு ஒத்தாசையாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "வெறுங்கறுப்புதான். பிரஷ்ஷால அள்ளி அப்பியிருந்தான். நீ சொன்னது கரெக்ட் மச்சான், கராஜ்காரன் வேலையேதான். இங்க பாரு, தட்டி எடுத்த அடையாளம்கூட இருக்கு" என்று தகட்டைக் காட்டினார்.

பின்பக்கத் தகட்டில் வரிசையாகச் சுத்தியல் தடங்கள் இருந்தன. ஷெர்போர்னில் எந்தத் தகடும் ஒழுங்காகப் பொருந்தாது. ஆட்கள் தட்டித் தட்டித்தான் உட்கார வைப்பார்கள். நெவில் பிரித்துப் பார்த்த ஒவ்வொரு காரிலும் அதே இடத்தில் அதே தடங்கள். "இது எல்லாக் கார்லயும் இருக்கும் மிஸஸ் ப்ரோபர்ட். சத்தியமா. தொழிற்சாலையிலயே தட்டினது" என்றார்.

ஆல்மா கையுறையைக் கழற்றி, குதிகாலை உயர்த்தி, அந்தத் தடங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். "இங்கதான் இடிச்சிருக்கு" என்றார் மெதுவாக.

"இடிக்கல! நான் என் கண்ணால பாத்தேன்."

ஆல்மா திரும்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையெல்லாம் தார். "நீங்க நல்லவர் மிஸ்டர் ட்ரான்ட்டர். கல்லறைக் கதயக் கேட்டதுலேருந்து உங்களுக்கு மனசு கேக்கல. ஒரு கெழவி நிம்மதியா சாகட்டும்னு பொய் சொல்ல வந்திருக்கீங்க. அதுவும் உங்க பேரக் கெடுத்துக்கிட்டு."

"பொய் சொன்னது அன்னிக்கு. இன்னிக்கு இல்ல."

"அன்னிக்கு என்னை உங்களுக்குத் தெரியவே தெரியாது. முன்னப்பின்ன தெரியாதவகிட்ட யாராவது பொய் சொல்லுவாங்களா?"

நெவிலிடம் அதற்குப் பதில் இருந்தது. எவ்வளவோ தடவை சொன்னார். சொல்லச் சொல்ல ஆல்மாவின் முகத்தில் இரக்கம்தான் கூடியது.

அடுத்த வாரம் கிளப் தலைவரிடம் போய், கோடு தப்பு, விதிப்புத்தகத்தைத் திருத்துங்கள் என்றார். இத்தனை நாள் எந்தச் சந்தி சிரிப்புக்குப் பயந்தாரோ அது நடக்கவே இல்லை. படம் இருக்கிறதா என்று கேட்டார் தலைவர். இல்லை. காரைக் காட்ட முடியுமா? சுரண்டியாகிவிட்டது. தலைவர் அவர் முதுகைத் தட்டி, "ரொம்ப ஒழைக்கிற நெவில். எங்கயாவது வெயிலடிக்கிற ஊருக்கு ஒரு வாரம் போயிட்டு வா" என்றார். வாசல்வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

நெவில் எங்கேயும் போகவில்லை. பட்டறையில் உட்கார்ந்து, லிஃப்ட்டுக்கு அடியில் அண்ணாந்து பார்த்த நாட்களை நினைவுக்குக் கொண்டுவந்து, ஒரு பிரஷ்ஷை எடுத்து ஆல்மாவின் காருக்கு மறுபடியும் கறுப்பைக் கடைசிவரை பூசினார். எங்கே தடிப்பு, எங்கே ஒழுகல், முடி எங்கே ஒட்டியிருந்தது, எல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. அதன் மேல் பச்சைத் தூசியைப் பறக்கவிட்டார். இருந்தது இருந்தபடியே வந்தது. அவர் வாழ்க்கையில் செய்த வேலைகளிலேயே அதுதான் சுத்தமானது. பிறகு ஆல்மாவை வரவழைத்து, டார்ச்சை அவர் கையில் கொடுத்தார்.

ஆல்மா வெகுநேரம் பார்த்தார். "இப்படியா இருந்துச்சு?"

"இப்படியேதான் இருந்துச்சு."

"எதக் கேட்டாலும் அசல் மாதிரியே செஞ்சு குடுத்துடுவாருன்னு உங்களப் பத்தி எல்லாரும் சொல்றாங்க. நெஜந்தான்." டார்ச்சை அணைத்துத் திருப்பிக் கொடுத்தார். "ரொம்ப நன்றி. இப்ப புத்தகத்துல இருக்கற மாதிரி போட்டுக் குடுங்க."

இந்தத் தடவை சுரண்டியது நெவில்தான். கீத் உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். கறுப்பை ஸ்ப்ரே அடிக்கும் அன்று ஆல்மாவும் வந்திருந்தார்; வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய, பக்கத்தில் நின்று பார்க்கிறேன் என்றார். பின் அச்சின் ஓரம் கறுப்பு நிற்க வேண்டிய இடத்தில் டேப் ஒட்ட வேண்டும். காரின் அகலத்துக்கு ஒற்றை ஆளாக ஒட்டினால் டேப் நெளியும்.

"குடுங்க, ஒரு முனைய நான் புடிக்கறேன்" என்று ஆல்மா கையை நீட்டினார்.

நெவில் ஒரு முனையை அவரிடம் கொடுத்துவிட்டு, மறுமுனையை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். டேப் இருவருக்கும் நடுவில் விறைப்பாக நின்றது.

"நேரா இருக்கா?" என்று கேட்டார் ஆல்மா.

"நேரா இருக்கு" என்றார் நெவில்.